கடமக்குடி தாமோதரனுக்கு நான் கணவனான கதை

தமிழனாகப் பிறந்த ஒவ்வொருவருக்கும் தனக்கு மலையாளம் தெரியும் என்றொரு நம்பிக்கை உண்டு. எதிரே இருக்கும் மலையாளி வாயைத் திறக்கும்வரை அந்த நம்பிக்கைக்கு எந்தச் சேதமும் வராது. எனக்கு இந்த வியாதி கொஞ்சம் முற்றியிருந்தது. காரணம், நான் யாழ்ப்பாணத்தான். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நான் சந்தித்த சென்னைக்காரர்கள், நான் இரண்டு வசனம் பேசியதுமே, "நீங்க கேரளாவா?" என்று கேட்பார்கள். இத்தனை பேர் கேட்டால் யாருக்குத்தான் தன்மேல் சந்தேகம் வராது?

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மனுகாவ் பக்கம் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வாளிகளுக்குக் கைபிடி பூட்டிக்கொண்டிருந்தேன். (ஊரில் கணக்கு வாத்தியார். இங்கே அதை யாரும் கேட்கவில்லை.) குடியிருந்தது ரானுயியில். கூட வேலை பார்த்த ஜோஸ் என்ற கோட்டயத்துக்காரனோடு ஒரு வீட்டை ரென்டுக்கு எடுத்திருந்தேன்.

என் மனைவி ஜெசிந்தா கொழும்பில் தமையன் வீட்டில் இருந்தாள். கலியாணமாகி ஐந்தாவது மாதம் நான் விமானம் ஏறியவன். அவளுடைய விசாவுக்காகக் காத்திருந்து இரண்டு வருடம் ஓடிவிட்டது. ஞாயிறு தோறும் வெள்ளவத்தையில் உள்ள ஒரு டெலிபோன் கடைக்கு அவள் வந்து நிற்பாள். நான் அந்தக் கடைக்குப் போன் எடுப்பேன். அவளுக்குப் பின்னால் பத்துப் பேர் தங்கள் முறைக்குக் காத்திருப்பார்கள். கடைக்காரரும் எங்கள் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டேதான் வேலை பார்ப்பாராம். அதனால் எங்கள் காதல் உரையாடல் இப்படி இருக்கும்:

"ஹலோ, கேக்குதோ?"

"ஓம், கேக்குது."

"சாப்பிட்டாச்சோ?"

"ஓம். நீங்கள்?"

"ஓம். பின்ன என்ன?"

"ஒண்டுமில்லை. நீங்கள் சொல்லுங்கோ."

அந்த "நீங்கள் சொல்லுங்கோ"வுக்குப் பிறகு எனக்கு ஒன்றும் வராது. வானிலை அறிக்கை வாசித்துவிட்டு வைத்துவிடுவேன்.

வைத்த கையோடு மனம் ஒரு மாதிரி ஆகிவிடும். அப்போது ஜோஸ் ஒன்றும் கேட்காமல் ஒரு வீடியோ கசெட்டைப் போடுவான். எப்போதும் கடமக்குடி தாமோதரன் நடித்த படம்தான். மலையாளப் படங்களில் அவர் பெரிய சிரிப்பு நடிகர். வேலைக்காரன், தபால்காரன், கோழித் திருடன், பெண் பார்க்கப் போன வீட்டில் பலாப்பழத்தை ஒளித்துவைக்கிறவன் என்று எது கொடுத்தாலும் செய்வார். எதைச் செய்தாலும் இடைவேளைக்குள் குளத்தில் விழுவார். இடைவேளைக்குப் பிறகு கதை சோகமாகத் திரும்பும். அவரைக் காணக் கிடைக்காது. எனக்குப் பேச்சு பாதிதான் புரியும், சிரிப்பு முழுதாக வரும். பார்த்துப் பார்த்து அவருடைய வசனங்களை அதே மூக்குக் குரலில் சொல்லப் பழகிவிட்டேன். அர்த்தம் கேட்காதவரை என் மலையாளம் அபாரம்.

ஜோஸின் மலையாளிச் சங்கம் தாமோதரனை ஆக்லாந்துக்கு அழைத்தது அந்த வருட ஓணத்துக்குத்தான். அவரும் கூட நடிக்கும் ஒருவரும் வருவதாக ஏற்பாடு. தாமோதரனுக்கு விசா வந்தது, கூட நடிப்பவருக்கு வரவில்லை.

"எடா, நீ போதும்," என்றான் ஜோஸ். "ஆறு டயலாக்தான். வளைகுடாவிலிருந்து ஒரு கணவன் வீட்டுக்குப் போன் பண்ணுறான். மனைவி வேஷம் தாமோதரன் சேட்டனுக்கு. நீ வெறுதே, சும்மா கேள்வி கேட்டால் போதும், சிரிப்பெல்லாம் அவர் பார்த்துக்கொள்ளும்."

'மாட்டேன்' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றைய நான், சினிமா தன்னைத் தேடி ரானுயிவரை வந்துவிட்டதாக நம்பினேன். வாளிக் கைபிடிகளைப் பார்த்தே ஆறு வசனத்தையும் ஒப்பித்தேன். சூப்பர்வைசர் இரண்டு முறை வந்து எனக்குக் காய்ச்சலா என்று விசாரித்தார்.

விமான நிலையத்திலிருந்து அவரை அழைத்துவந்ததும் நான்தான். படத்தில் பார்த்ததைவிடச் சின்ன மனிதர். சிரிக்கவே இல்லை. ஆனால் நல்ல தமிழ் பேசினார். மலையாளப் படங்களையெல்லாம் சென்னையில் எடுத்த காலத்தில் பதினோரு வருடம் கோடம்பாக்கத்தில் ஒரு லாட்ஜில் கிடந்தவராம். துறைமுகப் பாலத்தைப் பார்க்க ஆசைப்பட்டார் என்று அந்தப் பக்கம் காரை விட்டேன். கண்ணாடியை இறக்கி வெளியே பார்த்தார்.

"எவ்ளோ தண்ணி தம்பி! என்னைத் தள்ளிவிட ஒரு டைரக்டர்தான் இல்ல."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்தப் பதினோரு வருஷமும் என் சம்சாரம் ஊர்ல. ஓணத்துக்கு மட்டும் போவேன். ஒரு தடவை வாசல்ல கால் வைக்கிறேன், நாலு வயசு மக ஓடிவந்து, 'அச்சா, விழு, விழு'ன்னு கை தட்டுது. அப்பான்னா விழறதுக்குன்னு நினைச்சிடுச்சு."

"பிறகு என்ன செய்தீங்கள்?"

"விழுந்தேன். வேறென்ன செய்ய?" கண்ணாடியை ஏற்றினார். "எத்தனையோ டைரக்டர்ட்ட கேட்டாச்சு தம்பி. ஒரே ஒரு சீன், நான் அழற மாதிரி குடுங்கன்னு. கேட்டதும் சிரிக்கிறாங்க."

சனிக்கிழமை பிற்பகல், ஒரு பள்ளிக்கூட மண்டபம். முன்னூறு பேராவது இருப்பார்கள். மேடையின் ஒரு கோடியில் நான். என் கையில் வயர் அறுந்த பழைய டெலிபோன். மறு கோடியில் சரிகைக் கரை போட்ட கசவுச் சேலையும் ஒரு முழத்துக்குச் சவுரியுமாக, கையில் இன்னொரு ரிசீவரோடு தாமோதரன். அவர் வந்து நின்று இடுப்பில் சேலையைச் செருகியதற்கே மண்டபம் இரண்டு நிமிடம் சிரித்தது. அடுத்து நான் பேச வேண்டும்.

ஆறு வசனத்தில் ஒன்றுகூட இல்லை. கழுவித் துடைத்த பீங்கான் மாதிரி இருந்தது மூளை. முன்வரிசையில் ஜோஸ் வாயசைத்துக் காட்டினான். மீன் தொட்டியைப் பார்ப்பதுபோல் இருந்தது. ரிசீவரைக் காதில் வைத்ததும் என் வாய், பழகிய ஒரே வசனத்தைத் தானாகச் சொன்னது.

"ஹலோ... கேக்குதோ?"

மண்டபம் கொல்லென்றது. தாமோதரன் சமாளித்தார். குரலை இழுத்து, "கேக்குதே சேட்டா! பறயூ, சொல்லுங்க!" என்றார்.

"சாப்பிட்டாச்சோ?"

"சாப்பிட்டாச்சு."

"...சாப்பிட்டாச்சோ?"

"இப்பத்தானே சொன்னேன், சாப்பிட்டாச்சு!"

மூன்றாம் தடவையும் நான் அதையே கேட்டபோது முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். தாமோதரன் இடுப்பில் கை வைத்தார். "சாப்பிட்டு சாப்பிட்டு வயிறு வெடிக்குது. வேற ஏதாவது சொல்லுங்க."

அவர் நகைச்சுவையாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு மேடை மறந்துபோயிற்று. மறுமுனையில் பின்னால் பத்துப் பேர் நிற்கவில்லை, லைன் அறுந்துவிடும் என்ற பயமும் இல்லை. வயர்தான் ஏற்கெனவே அறுந்திருந்ததே.

"நான் ரெண்டு பீங்கான் கோப்பை வாங்கி வைச்சிருக்கிறன்," என்றேன். "ஒண்டிலதான் சாப்பிடுறன். மற்றதில தூசி பிடிக்குது. அதையும் எடுத்துக் கழுவி வைக்கிறனான்."

சிலர் சிரித்தார்கள்.

"போன ஞாயிறு நீர் தடிமன் பிடிச்ச குரலில கதைச்சனீர். வைச்ச பிறகு யோசிச்சுப் பாக்கிறன், உம்மட உண்மையான குரல் எப்பிடி இருக்குமெண்டு எனக்கு ஞாபகம் வரேல்லை. பயந்துபோனன், ஜெசிந்தா."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒரு குழந்தை மட்டும் அழுதது. மூன்று எட்டு வைத்து வழுக்கி விழுந்திருந்தால் தாமோதரன் அந்த மேடையைக் காப்பாற்றியிருப்பார். அதில் அவர் மன்னன். அவர் விழவில்லை. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். மூக்குக் குரல் போய்விட்டது.

"எனக்கும் உங்க முகம் மறக்குது," என்றார். "சினிமாப் படத்துல பார்த்துக்கறேன். அந்த முகம் எனக்குத் தெரியாத முகம். ஊரெல்லாம் அதைப் பார்த்துச் சிரிக்குது. இங்க வந்து இருக்கிற முகம் எனக்கு வேணும். எப்ப வருவீங்க?"

"நீர்தான் வரவேணும்."

"வருவேன்," என்றார் அவர். அழுதார். சவுரி ஒரு பக்கம் சாய்ந்து தொங்கியது; அதற்கும் யாரும் சிரிக்கவில்லை. ஜோஸ் திரையை இழுத்து மூடச் சொல்லிக் கையைக் காலை ஆட்டினான்.

பிறகு கிடைத்த அர்ச்சனையை எழுத இடம் போதாது. "ஆளுகள் டிக்கெட் எடுத்தது சிரிக்கத்தான்! எல்லாரையும் அழவைத்து வீட்டுக்கு அனுப்பிட்டே!" என்று ஜோஸ் கத்தினான். (வந்திருந்தவர்களில் நர்ஸ் வேலை பார்த்த பெண்கள் பலர் கூட்டமாகப் போய், ஊருக்குப் பேச டெலிபோன் கார்டு வாங்கினார்களாம். அது பிறகு தெரிந்தது.) உடை மாற்றும் அறையில், பந்துகளுக்கும் வலைகளுக்கும் நடுவே தாமோதரன் சேலையோடு உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"எதுக்கு மன்னிப்பு? முப்பது வருஷத்துக்கு அப்புறம் ஒரு சீன் கெடச்சுது. அதுவும் ஒரே டேக்ல ஓகே," என்றார். பிறகு, "அந்த மற்ற பீங்கானைக் கழுவாம விட்றாதீங்க தம்பி."

கேரளா திரும்பியவர் மறுபடி குளத்தில்தான் விழுந்தார். வந்த கசெட்டுகளில் எல்லாம் நான் தேடிப் பார்த்தேன்.

ஜெசிந்தா அடுத்த வருடம் வந்து சேர்ந்தாள். அவள் வந்த முதல் வாரமே ஜோஸ் அந்த நிகழ்ச்சியின் வீடியோவைப் போட்டுவிட்டான், பாவி. அவள் அசையாமல் பார்த்தாள். முடிந்ததும் கேட்டாள்:

"இதையெல்லாம் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"அந்தக் கடையில பத்துப் பேர் நிண்டவை எல்லோ. வெக்கமாக் கிடந்தது."

"இஞ்ச எத்தினை பேர்?"

"முன்னூறு."

அவள் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல எனக்குத் தமிழும் போதாது, மலையாளமும் போதாது. பிறகு டிவியைக் காட்டி, "அந்தப் பொம்பிளை நல்லா மறுமொழி சொல்லுது. நீங்கள் அவவையே கட்டியிருக்கலாம்," என்றாள்.

அதோடு அது எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. எந்தச் சண்டையும் அந்த வசனத்தில்தான் முடியும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் வாயில் நுழைவது கடினம். ஆனால் டிவியில் பழைய மலையாளப் படமொன்றில் தாமோதரன் தலையைக் காட்டினால் போதும், மகள் அடுப்படியைப் பார்த்துக் கூவுவாள்:

"அம்மா! அப்பாவின்ர மற்ற வைஃப் வந்திட்டா!"

ஜெசிந்தா அங்கிருந்தே சொல்லுவாள்:

"இருக்கச் சொல்லு பிள்ளை. தேத்தண்ணி போடுறன்."