டிவியில் வந்த தாய்மாமன்

மனிதர்களைத் திட்டிவிட்டுக் கம்ப்யூட்டரிடம் மட்டும் மரியாதையாகப் பேசும் மெக்கானிக், விழுப்புரத்தில் நோ சிக்னல் ஒருவர்தான். போன் செய்தால் எடுக்க மாட்டார், கூப்பிட்டால் திரும்ப மாட்டார். அதனால் அந்தப் பெயர். ஒருமுறை மானிட்டரில் எதுவும் தெரியவில்லை என்று என் அலுவலகத்துக்கு அழைத்து வந்தோம். மேலாளரையே வெளியே போகச் சொன்னார். "அது உன்னப் பாத்து பயந்துக்கினு இருக்குது" என்றார். நாங்கள் ஆடிப்போய்விட்டோம். அதைவிட அதிர்ச்சி, ஐந்தே நிமிடத்தில் மானிட்டரில் படம் தெரிந்தது.

போன வருடம் திண்டிவனத்தில் என் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். குவைத்தில் இருக்கும் மச்சானுக்கோ கடைசி நேரத்தில் லீவு ரத்து. மண்டபத்தில் பெரிய டிவி வைத்து, என் லேப்டாப்பை இணைத்து, வீடியோ காலில் அவனை வரவழைப்பதாக ஏற்பாடு. கேபிளைச் செருகினால், டிவி இருப்பதையே லேப்டாப் கண்டுகொள்ளவில்லை. டிவி வாடகைக்குக் கொடுத்தவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். நல்ல நேரம் முடிய அரை மணிதான் இருந்தது.

"போன்ல காட்டிடலாமே" என்றேன்.

"என் தம்பிய உள்ளங்கை அளவுலயா காட்டுவீங்க? அவன் மூஞ்சி தெரியாம என் பொண்ணு காதுல யாரும் கைவெக்கக் கூடாது" என்று அழுதாள் மனைவி.

நான் அழைத்ததால் விசேஷத்துக்கு வந்து டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்த நோ சிக்னல் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். லேப்டாப்பை ஆஃப் செய்தார். "இன்னாங்க ஆச்சு? மூச்சு அடைக்குதுங்களா?" என்று அதனிடமே விசாரித்தார். கேபிள் செருகும் துளையை மோந்து பார்த்தார். முகம் மாறியது.

"எவன்யா இதுக்குள்ள சந்தனம் வெச்சது?"

ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்தவன் நான்தான். கொஞ்சம் தாராளமாகவே வைத்துவிட்டேன். மண்டபமே என்னைப் பார்த்தது. டிவிக்காரர் பார்த்த பார்வையைச் சொல்லவே வேண்டாம்.

பல்குத்தும் குச்சியால் பக்குவமாகச் சுரண்டி, ஊதி, கேபிளைச் செருகி லேப்டாப்பை ஆன் செய்தார். சற்று நேரத்தில் டிவி முழுக்க மச்சான் முகம்.

அடுத்த பிரச்சினை மடி. டிவிக்கு ஏது மடி? மனைவியின் பெரியப்பா மகன்கள் இருவரும் நீயா நானா என்று சண்டையில் இறங்கினார்கள். டிவியிலிருந்து மச்சான் சொன்னான்: "யக்கா, சண்ட வாணாம். என்ன உங்களுக்குக் காட்டினாரே, அவரு மடியிலயே குந்த வெய்யி."

நோ சிக்னல் ஓடிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பலகையில் உட்கார்ந்தார். ஊசி இறங்கியதும் மகள் வீறிட்டாள். அவளைவிடப் பெரிதாக அவர் அழுதார். டிவியில் மச்சானும் அழுதான்.

கம்மல் போட்டு முடித்த பிறகும் அவர் குழந்தையை இறக்கவில்லை. நான் கையை நீட்டினேன்.

"மாமன்கிட்டயே கொஞ்ச நேரம் இருக்கட்டுங்க" என்றாள் மனைவி. நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.