தோழனுக்கு விட்ட இடம்

ஸ்கந்தபுரம்,
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மகன் நிரோஜனுக்கு, அப்பா தவராசா ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் சுகம், மாடுகள் சுகம், சிறுபோக நெல்லும் சுகம்; உன் அம்மாவின் முழங்கால் மட்டும் இந்தச் சுகத்தில் சேராது. பிரான்சில் நீயும் நலமாயிருக்கக் கந்தசுவாமியை வேண்டுகிறேன். இதைப் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நீ "அப்பா" என்றதும் அம்மா போனைப் பறித்துவிடுவா, நான் சொல்ல வந்ததெல்லாம் சொல்லாமலே போய்விடும். ஆகவே தாளில் எழுதி, சித்தப்பாவின் மகள் சுரேகாவைக் கொண்டு படம்பிடித்து உனக்கு அனுப்புவிக்கிறேன்.

விஷயம் உன் தங்கச்சி யதுர்ஷிகாவின் கலியாணப் படம். வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் வரம்பில், பச்சை வயலுக்கு முன்னே, சொந்தம் முழுவதையும் ஒரே வரிசையில் நிறுத்தி எடுத்த நீட்டுப் படம். பெண்ணின் சகோதரன்தானே மாப்பிள்ளைக்குத் தோழன். நீ இங்கே இருந்திருந்தால் தலைப்பாகை கட்டி மாப்பிள்ளை மதுசனின் கால் கழுவி, அவர் கையால் மோதிரமும் வாங்கியிருப்பாய். உனக்கு அங்கே விசா இன்னும் சரிவரவில்லை, வெளிக்கிட்டால் திரும்பிப் போக ஏலாது, அதெல்லாம் தெரிந்த கதை. சுரேகாவின் தம்பியைத் தோழனாக நிறுத்திச் சடங்கை ஒப்பேற்றினோம். ஆனால் படம் எடுக்கும்போது அவனை மற்றப் பக்கம் அனுப்பிவிட்டு, மதுசனுக்குப் பக்கத்தில் உனக்குத்தான் இடம் விடவேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். சரி, எவ்வளவு இடம் விடுவது? வீடியோவில் உன் முகம் மட்டும்தான் தெரிகிறது, அதுவும் பாதிநேரம் நெற்றி. மெலிந்தாயோ பெருத்தாயோ, யாரைக் கேட்பது? பாணும் பட்டரும் தின்று கொஞ்சம் உடம்பு வைத்திருப்பாய், குளிர்ச்சட்டையும் போட்டிருப்பாய் என்று யோசித்துத் தாராளமாகவே விட்டுவிட்டேன். "பெரியப்பா, அதுக்குள்ளால உழவு மெசின் போகும்" என்று சுரேகா அப்போதே சொன்னாள். நான் கேட்டால்தானே.

சுரேகா இப்போது கிளிநொச்சியில் ஒரு ஸ்டூடியோவில் வேலை. நீட்டுப் படத்தை முழுதாய்ப் போனில் போட்டால் எல்லாரும் எறும்பு மாதிரித் தெரிவார்களாம். அதனால் சரிசமமான துண்டுகளாய் வெட்டி இன்ஸ்டகிராமில் வரிசையாகப் போடுவதாம், விரலால் தள்ளத் தள்ளப் பொருத்தே தெரியாமல் ஒரே படமாக ஓடுமாம். நல்ல விஷயம்தான், வெட்டு எங்கே விழுகிறது என்று பார்க்கும்வரை. முதல் வெட்டு உன் வடிவம்மா பெரியம்மாவின் மூக்குக்கு நடுவே விழுந்தது. ஒரு கண் ஒரு துண்டில், மற்றக் கண் அடுத்த துண்டில். தள்ளினால் சேரும் என்று சுரேகா தலைகீழாய் நின்று சொல்லியும் பெரியம்மாவுக்குத் தள்ளத் தெரியவில்லை. "மங்களமா நிண்ட என்னைக் கலியாணப் படத்திலை பிளந்துபோட்டாளே" என்று ஒரே ஒப்பாரி. வெட்டைக் கொஞ்சம் தள்ளினோம். பெரியம்மா தப்பினா, சித்தப்பாவின் வயிறு மட்டும் தனியாக அடுத்த துண்டுக்குப் போய்விட்டது. "அண்ணாக்கு விட்ட இடத்தை மூடி ஆக்களை நெருக்கிவிடட்டோ பெரியப்பா? ஒருத்தரும் வெட்டுப்படமாட்டினம்" என்றாள் சுரேகா. அது மட்டும் நடவாது என்றேன். கடைசியில் எப்படியோ இழுத்துப் பறித்து எல்லாரையும் முழுசாகக் காப்பாற்றினாள், ஆனால் உன்னுடைய இடம் ஒரு முழுத் துண்டையும் பிடித்துக்கொண்டது. அதில் வயல், வானம், தூரத்தில் ஒரு கொக்கு. ஆள் இல்லை.

அப்படியே இன்ஸ்டகிராமில் போட்டாள், இதில்தான் வினை வந்தது. தள்ளிக்கொண்டு வாற சனம் கொக்கைக் கண்டதும் படம் முடிஞ்சுதெண்டு விட்டிட்டுப் போகுது. கொக்குக்கு அங்காலை நிற்பது முழுக்க அம்மாவின் ஆட்கள், அவவின் அக்கா பெரியம்மாவும் அதில்தான். கனடாவிலிருந்து பெரியம்மாவின் மகன் போன் எடுத்து, "அம்மா, நீங்கள் கலியாணத்துக்குப் போகேல்லையோ?" என்று கேட்டிருக்கிறான். அவ்வளவுதான். பெரியம்மா எங்கள் குசினிக்குள், அடுப்படியிலேயே வந்து கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் சொல்கிறா: "இராசமலர், உன்ரை மனுசன் எங்களைக் கொண்டுபோய்க் கொக்குக்குப் பின்னாலை வைச்சிருக்கிறார்."

ஆகையால் மகன், நீ ஒரு முழுப்படம் உடனே அனுப்பு. வேட்டியோடு, குளிர்ச்சட்டை இல்லாமல், வெறுங்காலோடு நில், வரம்பில் ஒருவரும் சப்பாத்துப் போடவில்லை. வெயில் இடப்பக்கமாக விழவேண்டுமாம். அங்கே வெயில் எறிக்கும் நாளாகப் பார்த்து எடு. பின்னால் பனி, கோபுரம் ஒன்றும் வேண்டாம். சுரேகா வெட்டி ஒட்டிவிடுவாள், பெரியம்மாவும் வாய் மூடுவா. அம்மாவுக்கு இதில் ஒரு கவலையும் இல்லை. எனக்கும் இல்லை. மதுசன் பக்கத்தில் ஆளில்லாமல் நிற்பது வடிவில்லை, அதுக்காகத்தான்.

நேரத்துக்குச் சாப்பிடு. கந்தசுவாமி உன்னைக் கைவிடமாட்டார்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
தவராசா

பி.கு.: படம் அனுப்பாதை. இதை எழுதி முடிச்ச கையோடை சுரேகா வந்தாள். உன்ரை படம் வருமட்டும் பொறுக்கேலாமல், நீ பள்ளிக்கூடத்திலை ஏ.எல். படிக்கேக்கை எடுத்த படத்தை ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். நல்ல வடிவாத்தான் இருந்தது, பொருத்தே தெரியேல்லை, கொக்கும் மறைஞ்சு போச்சுது. பெரியம்மாவுக்குச் சரியான சந்தோசம். அம்மா போனை வாங்கிக் கனநேரம் பார்த்தா. பிறகு, "எடு பிள்ளை இதை. இடத்தை அடைச்சுப்போட்டா அவன் வந்து எங்கை நிக்கிறது?" எண்டு கேட்டா. சுரேகா உடனேயே அழிச்சிட்டாள். கொக்கு நிக்கட்டும் மகன், நீ வருமட்டும்.