கதிரையில் இருந்தவர்தான் நோயாளி

ஒட்டுசுட்டான்,
வியாழக்கிழமை.

என் அன்பு மகள் தாட்சாயினிக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். மருமகன் கோகுலனும் பேரப்பிள்ளையும் அந்தக் கனடாக் குளிரில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க முறிகண்டிப் பிள்ளையாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

வயலுக்கு நடுவில் நான் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிற படம் உனக்கு வந்ததாம். "இனி அப்பா தனிய இருக்கேலாது, கனடாவுக்கு ரிக்கெற் போடுறன்" என்று பக்கத்து வீட்டு நேசமலரிடம் நீ சொன்னாயாம். அவசரப்படாதே மகள். போனில் என்றால் நீ அழுவாய், நான் பாதியில் நின்றுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நெஞ்சை இறுக்கிப் பிடித்தது. பாலம் திருத்துகிறோம் என்று றோட்டை மூடியிருந்தார்கள். என் பிறந்தநாளுக்கு நீ என்னைச் சேர்த்துவிட்ட ஹெலி அம்புலன்ஸ் சேவைக்குப் போன் எடுத்தேன். கூப்பிட்டவுடன் ஹெலி எழும்பிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன், ஆனால் வகுப்பில் ஒரு பிள்ளை வயிறு நோகுது என்றால் நாங்கள் உடனே வீட்டுக்கு அனுப்பிவிடுவோமா, காலமை என்ன சாப்பிட்டாய், எந்தப் பக்கம் நோகுது, அடுத்தது கணக்குப் பாடமா என்று விசாரிப்போமே, அதுபோலத்தான் அங்கேயும். ஒரு பெண்பிள்ளை எடுத்தாள். முதற் கேள்வி, "உங்களோட ஆர் இருக்கினம்?" ஊரே இருக்குது என்றேன். பிறகு மூச்சு, வியர்வை, இடது கை என்று கேட்டுவிட்டு ஒரு டொக்டரையும் இணைத்தாள். அவர்தான் ஹெலி தேவையா என்று முடிவெடுப்பார். விமானியிடம் நோயாளி யார், என்ன வருத்தம் என்று சொல்லவே மாட்டார்களாம். சொன்னால் இரக்கப்பட்டு மழைக்குள்ளும் கிளம்பிவிடுவாராம். வானத்தை மட்டும் பார்த்து அவர் ஓம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். விடைத்தாளில் பெயர் எழுதாமல் சுட்டெண் எழுதுவதுபோல, எவ்வளவு நேர்மை பார்.

பிறகு இறங்குவதற்கு இடம். மட்டமான நிலம், கரண்ட் வயர் இருக்கக்கூடாது, மாடு நிற்கக்கூடாது, பறக்கக்கூடியது ஒன்றும் கிடக்கக்கூடாது. வேலிக்கு மேலால் அப்புத்துரையைக் கூப்பிட்டேன். அவன் போட்ட சத்தத்தில் ஊர் திரண்டது. அறுவடை முடிந்த வயலில் மாட்டை அவிழ்த்தார்கள், நேசமலர் கொடியில் கிடந்த உடுப்பையெல்லாம் அள்ளினாள், என்னைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு போய் நடுவில் வைத்தார்கள். கோயில் சாமிக்கும் அவ்வளவு பக்குவம் நடக்காது. போன் காதிலேயே இருந்தது. தூரத்தில் ஹெலிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கிறேன், ஒருத்தரும் நிற்கவில்லை. எல்லாரும் குப்புறப் படுத்திருக்கிறார்கள். அப்புத்துரை வரம்போடு ஒட்டிக் கிடக்கிறான். நேசமலர் உடுப்புக் குவியலைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு கிடக்கிறாள்.

போனில் அந்தப் பிள்ளை பதறினாள்.

"சேர், நோயாளி ஒராள் எண்டுதானே சொன்னனீங்கள்? மேல இருந்து கேக்கினம், வயல் முழுக்க ஆக்கள் விழுந்து கிடக்கினமாம். ஒராள் மட்டும் கதிரையில இருக்கிறாராம். அவர் ஆர்?"

"அவர்தான் பிள்ளை நோயாளி."

"அப்ப கிடக்கிற ஆக்கள்?"

"அவை நல்லா இருக்கினம். என்னை வழியனுப்ப வந்தவை. சண்டைக் காலத்தில இருந்து, ஹெலிச் சத்தம் கேட்டா எங்கட ஆக்களுக்குக் கால் நிக்காது."

அவள், "விளங்குது சேர். நான் சொல்லுறன்" என்றாள்.

நானும் படுத்திருப்பேன் மகள், கதிரையால் எழும்ப ஏலவில்லை.

ஹெலி இறங்கி, வைக்கோல் பறந்து அடங்கிய பிறகுதான் ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது. டொக்டர் குனிந்தபடி ஓடிவந்து என் நெஞ்சில் வயர்களை ஒட்டிப் பார்த்தார். இதயத்தில் பிழையில்லை, வெறும் வாய்வு. "என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டார். தேத்தண்ணியும் பிஸ்கற்றும். முதல்நாளும் அதுதான். அம்மா போன பிறகு ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஹெலி வெறுமையாகத் திரும்பிப் போனது. அப்புத்துரை மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பி, "நாங்கள் வாய்வுக்கு உள்ளிப்பூடு சுட்டுத் தின்னுறம், மாஸ்ரர் ஹெலி பிடிக்கிறார்" என்றான். நேசமலருக்குக் கோபம். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கறி தந்திருக்கமாட்டனே, மாஸ்ரர்?" அன்று இரவே மீன் குழம்பும் வந்தது.

ஆகவே பார் மகள், எனக்கு இத்தனை பேர் இருக்கிறார்கள். நான் தனிய இல்லை. ரிக்கெற் வேண்டாம். அந்தச் சேவையையும் நிறுத்திவிடு, ஊர்ச்சனம் பாவம்.

நீங்கள் மூவரும் நல்லாயிருக்க வேண்டும். அதைவிட எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

இப்படிக்கு,
அப்பா
சி. யோகநாதன்

பி.கு.: முதற் கேள்விக்கு நான் சொன்ன பதிலை மேலே பிழையாக எழுதிவிட்டேன். அப்போது ஊர் வந்திருக்கவில்லை. ஆர் இருக்கினம் என்று அவள் கேட்டபோது, "இப்ப நீங்கள்தான் பிள்ளை" என்றேன். ஹெலி இறங்கும்வரை அவள் போனை வைக்கவில்லை. நெஞ்சு நோவு நடுவிலேயே குறைந்துவிட்டது. சொன்னால் வைத்துவிடுவாள் என்று சொல்லவில்லை. ரிக்கெற்றைப் போடு. பெரிய பிளேன் உயரத்தில்தானே போகும், கீழே ஒருத்தரும் படுக்கத் தேவையில்லை.