குருமூர்த்தி ஓட்டிய கப்பல்

இந்த ஜென்மத்தில் இனி மிதக்கிற எதிலும் கால் வைப்பதில்லை. விமான நிலையத்திலிருந்து கல்கத்தா லேக் கார்டன்ஸ் வீட்டுக்கு வரும் டாக்ஸியிலேயே குருமூர்த்தி சபதம் எடுத்துவிட்டார். மனசுக்குள்தான். பக்கத்தில் கோமதி இருக்கும்போது வாய்விட்டுச் சபதம் எடுக்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

நாலு நாள் சொகுசுக் கப்பல். பெண் மஹிமா டிக்கெட் வாங்கி, ரெண்டு பேரும் நல்லா ரெஸ்ட் எடுங்க என்று ஏற்றிவிட்டாள். கோமதி பத்து வயது குறைந்து திரும்பினாள். மேல்தளத்தில் யோகா, பாட்டுக் கச்சேரி, முப்பது வகைச் சாப்பாடு. குருமூர்த்தி நாலு கிலோ குறைந்து திரும்பினார். கப்பலில் அவர் கண்டது அறையின் கூரை, ஒரு எலுமிச்சம்பழம், ஒரு வாளி. கச்சேரிக்குக் கச்சேரி நடுவில் கோமதி கீழே வந்து உட்காருவாள். அவர் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கரை எப்போ வரும் என்பார். கப்பல் அப்போது கரையில்தான் கட்டியிருக்கும்.

இது வெளியே தெரிந்தால் மானம் போய்விடும். மனிதர் கிதர்பூர் துறைமுகத்தில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். எந்தக் கப்பலை எங்கே கட்டுவது என்று தாளில் எழுதும் குமாஸ்தா. ஆனால் தெருமுனை டீக்கடை அரட்டையில் அவர் சொல்லும் கதைகளில் தாள் மட்டும் வராது. வங்காள விரிகுடாவில் கிளம்பிய புயல்களெல்லாம் அவர் லாஞ்சுப் படகில் நிற்பதைப் பார்த்துவிட்டு பர்மா பக்கம் ஒதுங்கிப் போனவை. தெருவே அவரை கேப்டன்தா என்று கூப்பிடும். அதாவது கேப்டன் அண்ணா.

அன்று சாயங்காலமே கீழ்வீட்டு பௌமிக், குரங்குக் குல்லாவும் நாலு சிநேகிதர்களுமாக வந்துவிட்டார். கேப்டன்தா ஏன் இளைத்துவிட்டார் என்றுதான் முதல் கேள்வி.

தளத்தில் ராப்பகலாக நின்றதில் இளைத்தது என்றார் குருமூர்த்தி. ரெண்டாம் நாள் பெருங்காற்று. கப்பல் தொட்டில் மாதிரி ஆட, அந்தக் கப்பலின் கேப்டன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு இவரிடம் ஓடி வந்து எந்தப் பக்கம் திருப்பட்டும் என்று கேட்டானாம். இவர் காற்றை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, இடது பக்கம் என்றாராம்.

சொல்லிவிட்டுச் சமையலறைப் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தார். அங்கேதான் ஆபத்து. கோமதி சிங்காடா என்கிற வங்காளச் சமோசாத் தட்டோடு வந்து நின்றாள்.

"அதைச் சொல்றாரு. அவ்வளவு பேரும் வாந்தி எடுத்திட்டிருந்தப்போ இவர் மட்டும் தனியா உக்காந்து ரெண்டு பிளேட் தயிர்வடை சாப்பிட்டாரே, அதைச் சொல்ல மாட்டாரு. அடக்கம்."

குருமூர்த்திக்குக் கண் கலங்கியது. தயிர்வடை என்றதும் சிங்காடாவைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்படி ஒரு சாட்சி கல்யாணமான நாள் முதல் அவருக்குக் கிடைத்ததில்லை. உற்சாகத்தில் அலையை ரெண்டு மாடிக்கு உயர்த்தினார். அவள் மூணு மாடி என்றாள். அலை அப்படியே பௌமிக்கின் குல்லாவுக்கு மேல் எழும்பி நின்றது.

பௌமிக் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். இந்த வருஷம் தெருக்காரர்களின் குளிர்காலப் பிக்னிக் சுந்தரவனத்துக்கு, லாஞ்சிலேயே மூன்று நாள். தண்ணீர் தெரிந்த ஆள் ஒருவர் துணைக்கு வராமல் பெண்கள் கிளம்ப மாட்டேன் என்கிறார்கள். கோமதி பௌதிதான், அதாவது அண்ணிதான், யோசனை சொன்னார்கள், வீட்டிலேயே கேப்டன் இருக்கும்போது வெளியே ஏன் தேடணும் என்று.

குருமூர்த்தி முழங்கால் வலியைக் கொண்டுவந்தார். புயலில் நின்ற முழங்கால் என்பதால் எடுபடவில்லை. கோமதிக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்றார். கோமதி முப்பது வகைச் சாப்பாட்டையும் வரிசையாகச் சொல்லிக் காட்டினாள். பௌமிக் முதல் பெயராக எழுதிக்கொண்டு போய்விட்டார்.

கதவைச் சாத்தியதும் குருமூர்த்தி திரும்பினார்.

"என் நிலைமை தெரிஞ்சுமா இப்படிச் செஞ்சே? நாலு நாள் கண்ணால பார்த்தியே."

"நாலு நாளா? நாப்பத்திமூணு வருஷமா தெரியும்."

கல்யாணமாகி கல்கத்தா வந்த புதிதில், பாபுகாட் படித்துறையில் ஃபெர்ரிப் படகு ஏறி அக்கரையில் இருக்கும் ஹவுராவுக்குப் போனார்கள். தூரத்தில் ஹவுராப் பாலத்து இரும்பெல்லாம் மாலை வெயிலில் தங்கமாகியிருந்தது. கோமதி அரக்கு பார்டர் போட்ட மஞ்சள் புடவையில் இருந்தாள். அக்கரை சேரும்வரை அவர் அவள் கையை விடவில்லை. பக்கத்தில் நின்ற வங்காளிப் பெண்கள் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த ஒரு கைப்பிடியைச் சொல்லியே பின்னால் எத்தனையோ சண்டைகளில் அவர் தப்பித்திருக்கிறார்.

"கை ஜில்லுனு வேர்த்திருந்துச்சு," என்றாள் கோமதி. "ஹவுராவுல காலை வெச்சதும் படக்குனு விட்டுட்டீங்க. அப்பவே புரிஞ்சிடுச்சு."

"அப்புறம் ஏன் சொல்லலே?"

"புடிச்சது புடிச்சதுதானே. அப்புறம் ஆத்து மேல ரெண்டாவது பாலம் வந்துச்சு. ஆத்துக்கு அடியிலேயே மெட்ரோ வந்துச்சு. ஒண்ணுலயும் நீங்க கையைப் புடிக்கல. மஹிமா என்னம்மா வேணும்னு கேட்டா. கப்பல்னு சொன்னேன்."

குருமூர்த்தி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"இவ்வளவுதானா? இதுக்கு எதுக்கு லாஞ்சு? இங்கேயே புடிச்சுக்கறேன்," என்று கையை நீட்டினார்.

கோமதி அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தாள். வேர்வை இல்லை. எழுந்து உள்ளே போய் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து அதில் வைத்தாள்.

"லாஞ்சுக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. அதுவரைக்கும் இதைப் புடிச்சுக்கோங்க."