மூக்கு வேன் பின்னால் போகாது

ஆண்டவர் ஆறு நாளில் உலகத்தைப் படைத்துவிட்டு ஏழாம் நாள் ஓய்வெடுத்தார் என்று எங்கள் வேதத்தில் இருக்கிறது. ஓய்வெடுக்கவில்லை, அன்றைக்குத்தான் மூக்கு வைத்த வேனைப் படைத்தார் என்று அடித்துச் சொல்லும் ஒரு மனிதர் சேலத்தில் இருந்தார். அவரோ திருச்செங்கோட்டுப் பக்கத்து முருக பக்தர். எங்கள் வேதத்தைத் திருத்த அவருக்கு என்ன உரிமை என்று எங்கள் கோயில் பங்கில் ஒருவரும் கேட்டதில்லை, ஏனென்றால் எங்கள் பங்கின் கல்யாணங்களுக்கெல்லாம் அவர் வேன்தான் போகும். அவர் பெயர் எனக்குத் தெரியாது. மூக்கு வேன்காரர், அவ்வளவுதான்.

யுத்தம் முடிந்து மிலிட்டரிக்காரர்கள் கழித்துக்கட்டிய வண்டி அது. எஞ்சின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். பின்பக்கம் ஓர் ஆசாரியை வைத்துத் தேக்கில் கூண்டு கட்டி, பச்சை பெயிண்ட் அடித்து, மகராசி என்று பெயரும் வைத்தார். முன்கண்ணாடியை வெளிப்பக்கமாகத் தூக்கித் திறக்கலாம். ஜிலுஜிலுவென்று காற்று வரும், கூடவே வண்டும் வரும். மழை பெய்தால் உள்ளே தேக்கு வாசனை அடிக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். தினமும் காலையில் தன் தலைக்கு எண்ணெய் வைப்பதற்கு முன்னால் மகராசியின் மூக்குக்குத் தேங்காயெண்ணெய் தடவுவார். அந்த மூக்கை வேறு யாரும் தொடக்கூடாது. காக்கை உட்கார்ந்தால்கூடத் துண்டைச் சுழற்றிக்கொண்டு ஓடுவார்.

வண்டி மேட்டில் ஏறும்போது இரண்டாம் கியர் போட்டுவிட்டு, பின்னால் திரும்பாமலே கையைத் தூக்குவார். "பேசாதீங்க சாமி, மகராசி பாடறா" என்பார். கல்யாணக் கூட்டம் மொத்தமும் வாயை மூடிக்கொண்டு அந்த உறுமலைக் கேட்கும். என் காதுக்கு அது மாவரைக்கிற சத்தமாகத்தான் பட்டது. ஆனால் கேட்கிறபோது அவர் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் வாயைத் திறக்க மனசு வராது.

ஸ்டாண்டில் அவருக்குப் போட்டி செல்லமுத்து. அவர் மூக்கில்லாத புது மாதிரி வேன் ஒன்றை வாங்கிவந்து மாலை போட்டு நிறுத்தினார். எல்லோரும் கைகொடுத்தார்கள். நம்மவர் மட்டும் துக்கம் விசாரிக்கிற குரலில் ஆரம்பித்தார்.

"ஏனுங்க செல்லமுத்து, பொறக்கறப்பவே இப்படித்தானுங்களா? மூஞ்சியில அறஞ்சு வச்ச மாதிரி இருக்குதே."

"இதான் இப்பத்திய மாடலுங்க."

"எஞ்சின் சூடு மூக்கோட போயிரோணுமுங்க. இதுல டிரைவரு தொடையில இட்டிலி அவிக்கலாம்."

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு அறுந்துவிட்டது.

இத்தனை பைத்தியத்துக்கும் மேலே ஒரு பைத்தியம் உண்டு. மூக்கு வேன் பின்னால் போகாது. அது அவர் கொள்கை. வீட்டைத் தாண்டிப் பத்தடி போய்விட்டாலும் பின்னால் எடுக்க மாட்டார். ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வந்து நிறுத்துவார். "முன்னாடி போறதுக்குத்தானுங்க வண்டி. பின்னாடி போறதுக்கு வண்டி எதுக்குங்க?" என்பார். முருகனுக்கு ஏதோ வேண்டுதல் என்பது என் அத்தையின் கட்சி. நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்த என் அப்பாவுக்கோ அவர் ஒரு மகான். "வச்ச கால பின்னால எடுக்காத மனுஷன்டா, அவரப் பாத்துக் கத்துக்குங்க" என்று மில் ஆட்களிடம் பிரசங்கமே செய்வார்.

இந்த மகானின் வண்டியில்தான் நான் கல்யாணப் பெண்ணாக ஆத்தூருக்குப் புறப்பட்டேன். விபூதிப் புதனுக்கு முந்தின நாள். புதன் பிறந்தால் தபசு காலம், ஈஸ்டர் வரைக்கும் கோயிலில் கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளைக்கு நாக்பூரில் ரயில்வே வேலை, அந்த வாரத்தோடு லீவு முடிகிறது. அவர் அம்மாவுக்கோ தன் அண்ணன் மகள் மேல்தான் கண். இன்று தவறினால் இந்த மாப்பிள்ளை எனக்கில்லை. பூசை ஒன்பது மணிக்கு, அது முடிந்ததும் பங்குச் சாமியார் கெங்கவல்லிப் பக்கம் ஒரு கிராமத்துக்குக் கிளம்பிவிடுவார். உறவுக்காரர்களில் பாதிப் பேர் செல்லமுத்துவின் வண்டியில் முன்னாலேயே போய்விட்டார்கள்.

வாழப்பாடி தாண்டி ஓர் ஓடைப்பாலம். ஒரு வண்டிதான் போகலாம். நாங்கள் பாதிப் பாலம் வந்தபோது, எதிர்ப்பக்கமிருந்து ஒரு மாட்டுவண்டியும் பாதிக்கு வந்துவிட்டது. ஜவ்வரிசி ஆலைக்குப் போகிற குச்சிக்கிழங்குப் பாரம். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஏழெட்டு வண்டிகள்.

வண்டிக்காரர் கத்தினார். "யோவ், பின்னால எடுய்யா! பாரத்தோட மாடு பின்னால போவாது!"

"என்ற வண்டியும் போவாதுங்க" என்றார் நம்மவர்.

"அது என்னா மாடா, அடம் புடிக்க?"

மணி எட்டரை. அத்தை ஜெபமாலையை எடுத்துவிட்டாள். அப்பா முன்பக்கம் எக்கி, "கொள்கையெல்லாம் சாயங்காலம் பாத்துக்கலாம், ரிவர்ஸ் போடுங்க!" என்றார்.

மூக்கு வேன்காரர் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை. கழுத்து வேர்த்து வழிந்தது.

"ரிவர்ஸ் வேண்டாமுங்க."

"எம் பொண்ணு கல்யாணம்யா! இப்ப வேண்டாம்னா வேற எப்பய்யா வேணும்?"

அவர் குரல் சுருதி இறங்கிப்போனது. "வேண்டாமுன்னு சொல்லலீங்க மேஸ்திரி. இல்லீங்க."

"என்ன இல்ல?"

"ரிவர்ஸே இல்லீங்க. மிலிட்டரிக்காரன் விக்கறப்பவே செத்துப் போச்சுங்க. லாரி கியர் பொட்டி மாட்டித்தாரேன்னு பட்டறைக்காரன் சொன்னான். மாட்டுனா அவ பாட்டு போயிருமுங்க. மனசு வரலீங்க."

அப்பாவின் முகத்தை நான் அன்றைக்குப் பார்த்த மாதிரி என்றைக்கும் பார்த்ததில்லை. மில்லில் செய்த பிரசங்கங்கள் அத்தனையும் அவர் கண்முன்னால் ஓடியிருக்கும். ஆனால் கோபப்பட நேரமில்லை. எல்லோரும் இறங்கினார்கள். பின்னால் தள்ள வேண்டுமென்றால் மூக்கில்தான் கை வைக்க வேண்டும். ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை, அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வைங்க சாமி, வைங்க" என்றார்.

நானும் எழுந்தேன். "நீ எறங்காத கண்ணு. கல்யாணப் பொண்ண மகராசி எறக்கிவிட்டதா இருக்கக் கூடாது" என்றார். உட்கார்ந்துவிட்டேன். என் அத்தை இளம்பிள்ளைப் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எண்ணெய் வழியும் மூக்கில் கையை ஊன்றித் தள்ளினாள். அவள் முதுகில் மாடு மூச்சு விட்டது. "எந்தலைவிதியப் பாரு! ஏசுவே, இந்த மாட்ட நீர்தான் பிடிச்சுக்கணும்!" என்று அலறிக்கொண்டே தள்ளினாள்.

இதில் இன்னொரு கூத்து. அவர் ஆயுளில் பின்னால் ஓட்டியதே இல்லை. வலது பக்கம் ஒடிக்க வேண்டிய இடத்தில் இடது பக்கம் ஒடித்தார். வண்டி கைப்பிடிச் சுவரை முட்டப் போனது. வண்டிக்காரரே நுகத்தடி மேல் ஏறி நின்று, "சோத்தாங்கை பக்கம்! ஐயோ, சோறு திங்கிற கையிய்யா!" என்று வழிசொன்னார். மூக்கு வேன்காரர் ஸ்டியரிங்கைச் சுற்றிக்கொண்டே, "மன்னிச்சுக்க சாமி, மன்னிச்சுக்க சாமி" என்று முணுமுணுத்தார். அது எனக்கில்லை, மகராசிக்கு. கண்ணீர் மீசை வரைக்கும் வந்துவிட்டது. என் கல்யாணத்தில் அழுத முதல் ஆள் அவர்தான்.

பாலத்தைவிட்டு இறங்கி ஓரமாக நின்றோம். மாட்டுவண்டிகள் கடந்துபோயின. அந்த வண்டிக்காரர் இரண்டு கிழங்கை எடுத்து, "கல்யாணப் பொண்ணுக்கு என் மொய்" என்று என் மடியில் போட்டுவிட்டுப் போனார்.

மூக்கு வேன்காரர் கீழே இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல் நின்றார். ரிவர்ஸ் இல்லாத வேன் என்று வெளியே தெரிந்தால் எவன் கல்யாணத்துக்குப் பேசுவான்? செல்லமுத்துவின் காதில் விழுந்தால் ஸ்டாண்டில் நிற்க முடியுமா? வேறு கியர் பெட்டி மாட்டித்தான் ஆக வேண்டும். அப்பாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"இங்க ஒண்ணும் நடக்கல. யாரும் ஒண்ணும் பாக்கல. ஏறுங்க எல்லாரும்."

பங்குச் சாமியார் கோயில் வாசலில் மணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளையின் அம்மா, அண்ணன் மகளைப் பட்டுப்புடவையோடு முன்வரிசையில் உட்கார வைத்திருந்தாள். நான் போய் மாப்பிள்ளை பக்கத்தில் நின்ற பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

பூசை முடிந்து வெளியே வந்தால், செல்லமுத்து மகராசியைச் சுற்றிச் சுற்றி வருகிறார். மூக்கு முழுக்கக் கை அச்சு. எண்ணெயும் புழுதியும் சேர்ந்து ஒவ்வொரு விரலும் தெரிகிறது.

"ஏனுங்கம்மா, காக்காயக்கூட உடமாட்டாரே, இதென்ன இத்தன கை?"

அத்தை கண் சிமிட்டாமல் சொன்னாள். "எங்க வேதத்துல அதான் வழக்கம். பொண்ணு வார வண்டிய எல்லாரும் மூக்குல கை வச்சு ஆசீர்வாதம் பண்ணணும். மூக்கு வச்ச வண்டிக்குத்தான் அந்தக் குடுப்பினை."

பொய்யே சொல்லாத என் அப்பா, கோயில் வாசலிலேயே நின்றுகொண்டு, "ஆமா, ரொம்பப் பழைய வழக்கம்" என்றார். செல்லமுத்து தன் வண்டியின் தட்டை முகத்தை ஒருதரம் ஏக்கத்தோடு பார்த்தார். அதற்கப்புறம் எங்கள் பங்கில் நடந்த கல்யாணங்களில், ஏன் என்று தெரியாமலே சனங்கள் மகராசியின் மூக்கில் கை வைத்தார்கள். மூக்கு வேன்காரர் அந்த ஒரு நாளைக்கு மட்டும் தடுக்க மாட்டார், கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொள்வார்.

பாலத்தில் இறங்கித் தள்ளிய ஒருவர்கூட யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஒன்றையுமே மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாத என் அத்தைகூடச் சொல்லவில்லை. நான் என் வீட்டுக்காரரிடம் என்னென்னவோ சொல்லியிருக்கிறேன், இதைச் சொன்னதில்லை.

போன மாதம் சேலத்திலிருந்து செய்தி வந்தது, அவர் போய்விட்டார். அவர் இருக்கும் வரை இதை எழுதுவதில்லை என்று இருந்தேன். இப்போது எழுத முடிகிறதே, அதுதான் தாங்கவில்லை.