நட்சத்திரப் போர்வையும் மச்சானின் காற்சட்டையும்

மொழி தெரியாத நாட்டில் இருப்பவனுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. தான் தவறான இடத்தில் உட்கார்ந்திருப்பது தெரியாமலே கனநாள் சந்தோஷமாக இருக்கலாம். மொன்றியலில் ஒரு பனிக்காலத்தின் பாதியை நான் அப்படித்தான் கழித்தேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். பார்க் எக்ஸ்டென்ஷனில் மேல்மாடி வீடு. டவுன்டவுனில் நான் கோப்பை கழுவிய உணவகம் அந்த மார்கழியோடு மூடப்பட்டுவிட்டது. மனைவி மஞ்சுளா உடுப்புத் தொழிற்சாலைக்குப் போய்விட, நான் வீட்டில் சோபாவுக்குக் காவல். மகள் அபிக்கு எட்டு வயது. அவள் கனவில் பிசத்துவதுகூடப் பிரெஞ்சில்தான். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு வந்தபோது, சப்பாத்தைப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

“அப்பா, நீங்களும் வாங்கோ. ஆனா டீச்சரோட கதைக்காதேங்கோ. சிரிச்சாக் காணும்.”

போனேன். சிரித்தேன். (கன்னம் நொந்து போச்சுது.) வீட்டுக்கு வந்ததும் மஞ்சுளாவிடம் அறிவித்தேன்:

“நான் பிரெஞ்சு படிக்கப்போறன்.”

“முதல்ல சோபாவை விட்டு எழும்புங்கோ. பேந்து படிக்கலாம்” என்றாள் அவள்.

பக்கத்துத் தெருத் தேவாலயத்தின் பேஸ்மென்டில் இலவச வகுப்பு இருப்பதாக அவள்தான் விசாரித்துச் சொன்னாள். “வகுப்புக்கு ‘கூர்’ எண்டு சொல்லுவினம். கதவில எழுதியிருக்கும், பாத்துப் போங்கோ.”

பார்த்துத்தான் போனேன். ஒரு கதவில் ‘கூர்த்புவேந்த்’ என்று எழுதியிருந்தது. ‘கூர்’ இருக்கிறது, வாலில் என்ன இருந்தால் எனக்கென்ன என்று உள்ளே நுழைந்தேன். அந்த முழுச் சொல்லுக்கு ஒட்டுத்துணிப் போர்வை என்று பொருள் என்பது அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

உள்ளே பெரிய மேசையைச் சுற்றி வயதான வெள்ளைக்காரப் பெண்கள். ஆண் என்று நான் ஒருவன்தான். ஆசிரியை மதாம் ஜினெத் என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து, “பொன்ஷூர்!” என்று கதிரையை இழுத்துப் போட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று தெரிந்ததும் ஒவ்வொரு பொருளாகத் தூக்கிக் காட்டினார். கத்தரிக்கோலைத் தூக்கி, “சிசோ.” நான் திருப்பிச் சொன்னேன். ஊசியைத் தூக்கி, “எகுய்.” திருப்பிச் சொன்னேன். துணியில் தைத்த நட்சத்திரத்தைக் காட்டி, “எத்துவால்!” நானும் உற்சாகமாகக் கத்தினேன், “எத்துவால்!” எல்லோரும் கைதட்டினார்கள். இவ்வளவு அருமையாகப் படிப்பிக்கிறார்களே என்று எனக்குப் புல்லரித்தது. அபியின் பள்ளிக்கூடத்திலும் வெட்டி ஒட்டித்தானே படிப்பிக்கிறார்கள்? பெரியவர்களுக்கும் அப்படித்தான் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வகுப்புக்கு வீட்டில் மிஞ்சிய பருத்தித் துணி கொண்டுவரச் சொல்லிச் சைகை காட்டினார். வீட்டுப்பாடம்! நான் வீட்டில் இடுப்பில் கட்டும் பழைய கட்டம்போட்ட சாரத்தை எடுத்தேன்.

“பிரெஞ்சு படிக்க உங்கட சாரமோ?” என்று மஞ்சுளா வாயைப் பிளந்தாள்.

சாரத்தை முக்கோணமாகவும் சதுரமாகவும் வெட்டி, மற்றப் பெண்களின் பூப்போட்ட துண்டுகளோடு பொருத்தி, எட்டு முனை நட்சத்திரம் தைக்க வேண்டும். மற்றவர்களின் நட்சத்திரம் ஜொலித்தது. என்னுடையதை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டியபோது மஞ்சுளா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நண்டு வடிவா இருக்கு” என்றாள். ஆனால் மதாம் ஜினெத் அந்த நண்டை நெஞ்சோடு அணைத்து, “மன்யிஃபிக்!” என்றார். பிரெஞ்சில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. சாரத்துக்குக் கிடைத்ததும் அதுதான்.

ஒருநாள் அபி என்னைச் சோதித்தாள்.

“பஸ் எங்க நிக்கும் எண்டு எப்பிடிக் கேப்பீங்க?”

“அது இன்னும் படிப்பிக்கேல்ல.”

“பேர் என்ன எண்டு?”

“அதுவும் வரேல்ல. ஊசி, நூல், கத்தரிக்கோல், ஸ்திரிக்கைப்பெட்டி எல்லாம் கேள், சொல்லுறன்.”

சந்தேகப்பட்ட மஞ்சுளா அடுத்தமுறை என்னோடு வந்தாள். கதவைப் பார்த்தாள். பக்கத்துக் கதவைத் திறந்தாள். அங்கே பலகையில் வினைச்சொற்கள் எழுதி, பத்துப் பதினைந்து பேர் கோரஸாக ஓதிக்கொண்டிருந்தார்கள். திரும்பி என்னைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பில் பேஸ்மென்டின் குழாய்கள் அதிர்ந்தன.

நான் மாறியிருக்கலாம். ஆனால் அன்று மதாம் ஜினெத் எங்கள் போர்வை யாருக்கு என்று மஞ்சுளா மூலம் விளக்கினார். வீட்டில் இருக்க முடியாத நிலையில், ஒரு பையோடு மட்டும் காப்பகத்துக்கு வந்துசேரும் சின்னப் பிள்ளைகளுக்கு. போர்வை அந்தப் பிள்ளைக்கே சொந்தம், எங்கே போனாலும் கொண்டுபோகலாம். ஒரு பையோடு வந்துசேருவது பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். தவிரவும் அந்த அறையில் என் பிரெஞ்சைக் கேட்டு ஒருவரும் சிரிக்கவில்லை. இருந்துவிட்டேன்.

போர்வைகளைக் கையளிக்கும் விழா ஒரு சனிக்கிழமை. ஆளுக்கு ஒரு வசனம் பேச வேண்டும் என்றார்கள். ‘பிள்ளைகளுக்கு, அன்போடு’ என்பதைப் பிரெஞ்சில் பாடமாக்கிக் குளியலறையில் நாள்கணக்காகப் பயிற்சி எடுத்தேன். அபி முன்வரிசையில் இருக்கும்போது அப்பன் பிரெஞ்சில் முழங்க வேண்டும். அவ்வளவுதான் என் இலட்சியம். உடுத்துவதற்கு மஞ்சுளாவின் தம்பி ரவியிடம் சாம்பல்நிறக் காற்சட்டை இரவல் வாங்கினேன். அவனுடைய கல்யாணத்துக்குத் தைத்தது. இடுப்பில் எனக்குக் கொஞ்சம் தளர்வு. (பெல்ட்டை வீட்டில் மறந்துவிட்டேன். இது முக்கியம்.)

விழா தொடங்கியும் என் போர்வையின் ஓரப்பட்டியில் ஒரு மூலை பாக்கி. மேடைக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து, போர்வையை மடியில் விரித்து அவசர அவசரமாகத் தைத்தேன். என் வாழ்நாளிலேயே அவ்வளவு நெருக்கமான, உறுதியான தையலை நான் போட்டதில்லை. ஊசியைக் கழற்ற நேரமில்லை, அது நூலிலேயே தொங்கியது. “மெசியே சிவா!” என்று என் பெயர் ஒலித்தது.

எழுந்தேன். போர்வையும் எழுந்தது. எதிரே காப்பகப் பொறுப்பாளர், டை கட்டிய நெட்டை மனிதர், இரண்டு கையையும் நீட்டினார். கொடுத்தேன். அவர் வாங்கி ஓரடி பின்னால் போனார். நானும் ஓரடி முன்னால் போனேன். அவர் சிரித்துக்கொண்டு மெதுவாக இழுத்தார். என் இடது தொடை அவரை நோக்கி உயர்ந்தது. குனிந்து பார்த்தேன். போர்வையையும் ரவியின் காற்சட்டையையும் சேர்த்துத் தைத்திருந்தேன்.

அவர் மறுபடி இழுத்தார். காற்சட்டை இடுப்பைவிட்டு இறங்கத் தொடங்கியது. நான் பாய்ந்து போர்வையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மண்டபத்தில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். தானம் கொடுக்க வந்தவன் கொடுக்க மாட்டேன் என்று மல்லுக்கட்டுவதை அவர்கள் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார்கள்.

“லஷே, மெசியே சிவா, லஷே” என்று மதாம் ஜினெத் காதருகே சொன்னார். விடு என்று அர்த்தமாம். அந்தச் சொல்லை எனக்கு யாரும் தூக்கிக் காட்டியிருக்கவில்லை. பாடமாக்கிய வசனமும் மறந்துபோனது. மூளையைத் துழாவியதில் ஒரு சொல் அகப்பட்டது. நூலை முடிந்து இறுக்கும்போது மதாம் ஜினெத் சொல்லும் சொல்.

“ஜ சுயி அத்தஷே!” என்றேன். நான் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்!

தமிழில் ‘ஒட்டுதல்’ என்றால் பசைக்கும் சொல்லலாம், பாசத்துக்கும் சொல்லலாம் அல்லவா? பிரெஞ்சிலும் அதே கேடுதான். “ஓ…” என்று மண்டபம் முழுக்க ஒரு பெருமூச்சு. மதாம் ஜினெத்தின் கண் கலங்கியது. முன்வரிசைக் கிழவி ஒருத்தி கைக்குட்டையை எடுத்தாள். ஐயையோ விளங்கவில்லையே என்று நான் இன்னும் சத்தமாக, “த்ரே அத்தஷே! த்ரே, த்ரே!” என்று கதறினேன். மிக மிக ஒட்டிவிட்டேன்! கைதட்டல் வானைப் பிளந்தது. நெட்டை மனிதர் உணர்ச்சிவசப்பட்டு என்னை இறுகக் கட்டியணைத்தார்.

ஊசி இன்னும் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது என்று சொன்னேனல்லவா? அது அவருடைய வயிற்றுக்குக் கீழே எங்கேயோ ஏறியது. “ஆய்!” என்று அவர் துள்ளிய துள்ளலில் நானும் சேர்ந்து துள்ளினேன். வேறு வழி? நாங்கள் அப்போது ஒரே துணி.

அபி நாற்காலியில் ஏறி நின்று, மண்டபம் கேட்கப் பிரெஞ்சில் கத்தினாள். அதன் தமிழ் இது: “அது பாசம் இல்லை! அப்பா தன்ர காற்சட்டையைச் சேர்த்துத் தைச்சுப்போட்டார்!”

பிறகு சிரித்தார்கள் பாருங்கள், கண்ணீர் துடைத்த கைக்குட்டையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மஞ்சுளா கத்தரிக்கோலோடு வந்து என் முன்னால் முழந்தாளிட்டுத் தையலைப் பரிசோதித்தாள்.

“பிரிக்கேலாது. போர்வையை வெட்டவோ, காற்சட்டையை வெட்டவோ?”

“ரவி என்ன சொல்லுவான்?”

“ரவி இஞ்ச இல்லை” என்றாள். வெட்டினாள்.

போர்வையின் மூலையில் ரவியின் கல்யாணக் காற்சட்டைத் துண்டு உள்ளங்கையளவுக்கு ஒட்டிக்கொண்டு நின்றது. மதாம் ஜினெத் அதைத் தடவிப் பார்த்து, துண்டுத் துணிப் போர்வைதானே, இன்னொரு துண்டு இருந்தால் என்ன என்றார். அப்படியே அது ஏதோ ஒரு பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தது. (ரவி என்னோடு கதைக்க வைகாசி ஆகிவிட்டது.)

தொடையில் குளிர்காற்று வாங்கிக்கொண்டு, கோட்டை இழுத்து மூடியபடி வீட்டுக்கு நடந்தேன். அபி கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தெருமுனையில் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்பா, அந்த ‘த்ரே’ நீங்க சரியாச் சொன்னீங்க.” கொஞ்சத் தூரம் போய், “அடுத்தமுறை டீச்சரோட கதையுங்கோ. பரவாயில்லை” என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் விருந்துக்கு வந்தவர் எழும்பிப் போகாவிட்டாலும், தொலைபேசியை வைக்காமல் கதைத்தாலும், கேள்வி ஒன்றுதான்: “என்ன, தைச்சுப்போட்டியளோ?” ரவியின் பிள்ளைகளுக்கும் இது பாடம்.

அபி வளர்ந்து, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற ஊரில் விவசாயம் படிக்கப் போனாள். விடுதி வாசலில் அவளுடைய பெட்டியை இறக்கி வைத்தேன். அவள் பெட்டியை இழுத்தாள். வரவில்லை. என் கை இன்னும் பிடியில் இருந்தது.

“அப்பா, தைச்சுப்போட்டீங்களோ?”

“ஓம்” என்றேன்.

மஞ்சுளா கைப்பையைத் திறந்து கத்தரிக்கோல் தேடத் தொடங்கினாள்.