கூடுதலாக வந்த கண்டன்சர்

இனிமேல் தன் மனசில் நினைக்கிற எதுவும் தன் பெண்டாட்டிக்குத் தெரியக்கூடாது என்று பத்ரிநாராயணன் தொண்ணூற்று நாலாம் வருஷம் மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை தீர்மானம் பண்ணினார். பண்ணின தீர்மானத்தைத் திருவான்மியூரில் இருக்கும் நண்பர் கஸ்தூரிரங்கனிடம் மட்டும் ரேடியோவில் சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே வந்தார். சமையலறையிலிருந்து நீரஜாவின் குரல் வந்தது.

"எந்தத் தீர்மானமா இருந்தாலும் குளிச்சுட்டுப் பண்ணுங்கோ. வெந்நீர் ஆறிண்டிருக்கு."

கோபம் வருமா வராதா? நீங்களே சொல்லுங்கள்.

ஏழு வருஷமாக இதே கதை. மச்சினன் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு டிமிக்கி கொடுக்க நினைத்து, ஆபீஸில் அவசர வேலை என்று கிளம்பிப் போனார். ஆபீஸ் வாசலில் ஆட்டோவில் அவருடைய பட்டு வேஷ்டியையும் அங்கவஸ்திரத்தையும் மடியில் வைத்துக்கொண்டு நீரஜா காத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் எண்ணெய்ப் பலகாரம் கூடாது என்று சொன்ன வாரத்தில் லஸ் பக்கம் போய் நாலு வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வந்தார். அன்றைக்குத் தட்டில் வெறும் கஞ்சி. "நாலு போறும், அதுக்கு மேல வயிறு தாங்காது" என்றாள். நாலு என்று இவளுக்கு யார் சொன்னது?

பத்ரிநாராயணனுக்கு மயிலாப்பூரில் அப்பா கட்டின வீடு, இன்ஷூரன்ஸ் ஆபீஸில் சூப்பரிண்டெண்ட் உத்தியோகம். இதெல்லாம் ஊருக்கு. அவருக்கென்று இருந்தது வீட்டின் பின்பக்கத்து அறைதான். அதில் ஒரு மேஜை, மேஜை மேல் ஒரு ரேடியோ. பாட்டு கேட்கிற ரேடியோ இல்லை, பேசுகிற ரேடியோ. சர்க்காரிடம் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, பெங்களூரிலிருந்து பார்சலில் கிட் வரவழைத்து, ஒவ்வொரு பார்ட்டாகத் தன் கையாலேயே பற்றவைத்துச் செய்தது.

இதுவரை எத்தனை கிட் கட்டினார் என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் மாட்டினீர்கள். அறுபத்தெட்டில் கட்டின இரண்டு வால்வு செட்டில் எந்த ரெசிஸ்டர் புகைந்தது, அதன் மேல் என்ன நிறத்தில் கோடுகள், அன்றைக்கு மழையா வெயிலா, எல்லாம் சொல்வார். பெண் சாருலதா எந்த வருஷம் காலேஜ் முடித்தாள் என்று கேட்டால் மட்டும் நீரஜாவைப் பார்ப்பார்.

இப்போது இருக்கும் செட்டைக் கட்டினது எண்பத்தேழு ஆகஸ்ட்டில், சுதந்திர தினம், சனிக்கிழமை. கஸ்தூரிரங்கனும் அதே கிட்டை வரவழைத்திருந்தார். இரண்டு பேரும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே விளக்கப் புத்தகத்தைப் பார்த்து, இரண்டு செட்டையும் கட்டினார்கள். நடுவில் கஸ்தூரி காபியைப் புத்தகத்தின் மேல் கொட்டினார். துடைத்துவிட்டு மேலே போனார்கள். முடித்தபோது ஆளுக்கு ஒரு குட்டி கண்டன்சர் மிச்சம் இருந்தது. ஒருவருக்கு மிஞ்சினால் தப்பு, இரண்டு பேருக்கும் மிஞ்சினால் அது கம்பெனிக்காரன் பெருந்தன்மை என்று இரண்டு பேரும் முடிவு செய்தார்கள். செட் இரண்டும் முதல் தடவையே பேசின. பத்ரி தன் கண்டன்சரை, "என் கைத்திறமைக்குச் சாட்சி, பத்திரமா வை" என்று நீரஜாவிடம் கொடுத்தார். கஸ்தூரியும் தன்னுடையதைத் தன் பெண்டாட்டியிடம் கொடுத்துவைத்தார். அதற்கப்புறம் இருவரும் அதை மறந்தே போனார்கள்.

தினமும் காலை ஏழு மணிக்கு இருவரும் பேசுவார்கள். கஸ்தூரிக்கு ஒரு பழக்கம். இரைச்சலில் வார்த்தை நழுவிவிடும் என்று ரேடியோக்காரர்கள் எதிராளி சொன்ன முக்கியமான விஷயத்தைத் திருப்பிச் சொல்லி உறுதி பண்ணிக்கொள்வது வழக்கம். கஸ்தூரி எல்லாவற்றையும் திருப்பிச் சொல்வார். பத்ரி தும்மினால்கூட, "ரோஜர், நீ தும்மினே, சரியா? ஓவர்" என்பார்.

அந்த வெள்ளிக்கிழமை தீர்மானத்துக்குக் காரணம் இருந்தது. நீரஜா ஹிந்தி டியூஷன் எடுக்கிறாள். பிராத்மிக்கிலிருந்து ராஷ்ட்ரபாஷா வரை பதினெட்டு வாண்டுகள், தினம் சாயங்காலம் கூடத்தில். அவள் கண் பின்பக்கத்து அறை மேல் விழுந்துவிட்டது.

"ஏன்னா, உங்க பெட்டியை மொட்டை மாடி ஷெட்டுல வெச்சுக்கோங்கோளேன். குழந்தைகளுக்கு உக்கார இடம் இல்லை."

"அது ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டுடி. மே மாசத்துல அங்க உக்காந்தா நான் அப்பளமாப் பொரிஞ்சுடுவேன்."

"ஆகாசத்துக்குக் கிட்டக்க இருக்குமே. பேச்சு நன்னாப் போகும்."

"நான் செத்தாலும் இந்த ரூமை விடமாட்டேன்."

"செத்தா எதுக்கு ரூம்?"

பத்ரிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இருபது வருஷமாக அந்த அறையில்தான் அவர் மனுஷனாக இருந்தார். மற்ற இடங்களில் சூப்பரிண்டெண்ட், மாப்பிள்ளை, ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர். அறையைக் காப்பாற்ற அவரும் கஸ்தூரியும் ரேடியோவில் ஒரு திட்டம் போட்டார்கள். கஸ்தூரியின் ஆபீஸில் தனபாலன் என்று ஒருவர், சஃபாரி சூட்டும் பெரிய மீசையுமாக இருப்பார். நீரஜா அவரைப் பார்த்ததில்லை. அவர் வயர்லெஸ் இன்ஸ்பெக்டர் மாதிரி வந்து, லைசென்ஸில் உள்ள அறையை விட்டு செட் நகரக்கூடாது என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டுப் போகவேண்டியது.

"ரோஜர். தனபாலன், சஃபாரி சூட், ஞாயித்துக்கிழமை பத்து மணி, ஒரு அதட்டல். சரியா? ஓவர்" என்றார் கஸ்தூரி.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தனபாலன் வந்தார். பத்து அடிப்பதற்கு முன்பே நீரஜா கூடத்தில் நாற்காலி போட்டு, ரவா கேசரி தயாராக வைத்திருந்தாள். அப்போதே பத்ரிக்கு உறைத்திருக்கவேண்டும். உறைக்கவில்லை.

"மேடம், இந்த செட் இந்த ரூமை விட்டு ஒரு அடி நகரக்கூடாது. நகர்ந்தா கேஸ் ஆயிடும்" என்றார் தனபாலன், மீசையைத் தடவிக்கொண்டு.

"நல்லவேளை சொன்னேள். சர்க்கார் பர்மிஷன் இருந்தா நகத்தலாமோ?"

தனபாலன் பத்ரியைப் பார்த்தார். இது பாடத்தில் இல்லை.

"பர்மிஷன் இருந்தா... நகத்தலாம்."

"யார் குடுக்கணும்?"

"டிபார்ட்மெண்ட்ல ஆபீசர் குடுக்கணும்."

"உங்களுக்கு மேல ஒரு ஆபீசர் இருக்காரா? நான் நீங்கதான் பெரியவர்னு நினைச்சுண்டேன்."

தனபாலனுக்கு ரோஷம் வந்துவிட்டது. கேசரி சாப்பிட்ட அரைமணி நேரத்தில் அவர் தன்னை மெய்யாகவே ஆபீசர் என்று நம்ப ஆரம்பித்திருந்தார்.

"மெட்ராஸ் பூராவும் நான்தான் மேடம்."

நீரஜா உள்ளே போய் ஒரு காகிதத்தோடு வந்தாள். 'செட்டை மொட்டை மாடி ஷெட்டுக்கு மாற்ற அனுமதி கோரும் விண்ணப்பம்.' டைப் அடித்து, மூன்று காப்பி.

"இங்கயே ஒரு கையெழுத்துப் போட்டுடுங்கோ சார்."

"சார், இதெல்லாம் டெல்லிக்குப் போகணும்" என்று பத்ரி குறுக்கே பாய்ந்தார்.

"ஏன்னா, ஆபீசர் வாயால சொல்லிட்டார், நீங்க என்ன மறுத்துப் பேசறேள்? இல்லை, இவர் ஆபீசரே இல்லைன்னு சொல்லப் போறேளா?"

தனபாலன் மூன்று காப்பியிலும் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு, இன்னொரு கரண்டி கேசரி வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

பத்ரி அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினார். திட்டம் தெரிந்தவர்கள் மூன்று பேர். தான் சொல்லவில்லை. தனபாலன் சொல்லியிருந்தால் இப்படி முழித்திருக்க மாட்டார். மீதி ஒரே ஆள். மைக்கை எடுத்தார்.

"டேய் கஸ்தூரி, நீ ஒரு கோள்மூட்டிடா. நம்பினவன் கழுத்தை அறுத்துட்டே. ஏழு வருஷமா எல்லாத்தையும் என் பெண்டாட்டி காதுல போட்டிருக்கே. ஓவர்."

"ரோஜர். நான் கோள்மூட்டி, கழுத்தை அறுத்தேன், காதுல போட்டேன். சரியா?" என்று கஸ்தூரி வழக்கம்போல ஆரம்பித்துவிட்டு, அப்புறம்தான் என்ன சொன்னோம் என்று புரிந்து கத்தினார். "யாரைப் பாத்துடா சொல்றே? நீயே தூக்கத்துல உளறியிருப்பே. இனிமே என்கிட்ட பேசாதே. ஓவர் அண்ட் அவுட்."

இருபத்திரண்டு வருஷ சிநேகம். பத்ரிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அது தெரியாமலிருக்க இன்னும் கோபப்பட்டு, மைக்கை மேஜை மேல் ஓங்கி வைத்தார். வைத்த வேகத்தில், பேசும்போது அழுத்துகிற அதன் விசை உள்ளே சிக்கிக்கொண்டதை அவர் கவனிக்கவில்லை. தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனார்.

அங்கே அலமாரி மேல் நீரஜா ஸ்தோத்திரம் போட்டுக் கேட்கிற டேப் ரிகார்டர் இருந்தது. உள்ளே கேசட் இல்லை. ஆனால் அது சத்தம் போட்டது. கடக், கடக், கிரீச். நாலு வருஷமாக எண்ணெய் விடுகிறேன் என்று சொல்லி விடாமல் இருக்கும் அவர் அறை ஃபேனின் சத்தம்.

நீரஜா கையைத் துடைத்துக்கொண்டு, "இருங்கோ, வந்துட்டேன்" என்று பின்பக்கம் போனாள். ஃபேன் சத்தம் நின்றது. டேப் ரிகார்டர் தொண்டையைச் செருமிக்கொண்டது. பிறகு நீரஜாவின் குரலில் பேசிற்று.

"ஏன்னா, அடுப்புல பால் இருக்கு. பொங்கிடாம பாத்துக்கோங்கோ. ஓவர்."

பால் பொங்கி வழிந்தது. பத்ரி பார்த்துக்கொண்டே நின்றார்.

"எத்தனை வருஷமா?" என்றார், அவள் திரும்பி வந்ததும்.

"எண்பத்தேழு ஆகஸ்ட்லேர்ந்து. நீங்க ரூமுக்குள்ள போனதும் நான் இதைப் போட்டுடுவேன்."

"இத்தனை நாள் சொல்லாதவ இன்னிக்கு ஏண்டி சொல்றே?"

"பாவம், அந்த மனுஷரைக் கோள்மூட்டின்னு சொல்லிட்டேளே. அவர் ஒரு வார்த்தை என்கிட்ட சொன்னதில்லை. எல்லாம் நீங்க சொன்னதுதான்."

பத்ரி விளக்கப் புத்தகத்தைத் தேடி எடுத்தார். காபி கொட்டின இடத்தில் இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. கத்தியால் பிரித்தார். ஏழு வருஷம் யாரும் படிக்காத பக்கத்தில் எழுதியிருந்தது: இந்தக் கண்டன்சரைக் கட்டாயம் பொருத்தவும், பொருத்தாவிட்டால் குரல் கரண்ட் வயரில் ஏறி வீட்டிலுள்ள மற்றப் பெட்டிகளில் கேட்கும். தன் கையாலேயே தன் வீட்டுக்குள் ஒரு ஒற்றனைப் பற்றவைத்திருக்கிறார். நெற்றியில் அடித்துக்கொண்டார். நீரஜா ஊசிநூல் டப்பாவைத் திறந்து கண்டன்சரை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"உங்க கைத்திறமைக்குச் சாட்சி. பத்திரமா வெச்சிருந்தேன்."

மறுநாள் காலை செட்டும் மேஜையும் மாடிக்குப் போயின. தெருமுனையில் மூட்டை தூக்கும் முருகையன் படியில் பாதி வழியில் நின்று, "இன்னா சாரே, இந்த வெயிட்டு கீது, உள்ள அம்மிக்கல்லா வச்சுகினுகீறே?" என்று கேட்டான். பத்ரி ஷெட்டுக்குள் வேர்த்துக் கொட்ட, பல்லைக் கடித்துக்கொண்டு, கண்டன்சரைப் பற்றவைத்தார். செட்டைப் போட்டு மைக்கில் நூறு வரை எண்ணினார். கீழே ஓடிப்போய்க் கேட்டார்.

"ஏதாவது கேட்டுதா?"

"ஒண்ணும் கேக்கலை" என்றாள் நீரஜா. முகத்தில் வருத்தமே இல்லை. சும்மா நடிக்கிறாள் என்று பத்ரி நினைத்துக்கொண்டார்.

மாடிக்குப் போய்க் கஸ்தூரியைக் கூப்பிட்டார். பத்து நிமிஷம் கெஞ்சினபிறகு பதில் வந்தது.

"கஸ்தூரி, மன்னிச்சுடுடா. நான் ஒரு முட்டாள். ஓவர்."

"ரோஜர். நீ ஒரு முட்டாள். சரியா? இன்னொரு தரம் சொல்லு, இரைச்சலா இருக்கு. ஓவர்."

சொன்னார். சிநேகம் சரியாகிவிட்டது. விஷயம் எப்படி வெளியே போயிற்று என்று கஸ்தூரி கேட்டார். ஒரு பார்ட்டைப் போடாமல் விட்டுவிட்டேன் என்று சொல்லப் பத்ரிக்கு நாக்கு எழவில்லை. "கரண்ட் லைன்ல ஏதோ கோளாறு. சரி பண்ணிட்டேன். இனி ஒரு ஈ காக்கைக்குக் கேக்காது" என்றார். குரலை உயர்த்தியே பேசினார். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அவர் சுதந்திரமாகப் பேசினார்.

"கேட்டுக்கோ. ஆகஸ்ட் பதினாலாம் தேதி ஞாயித்துக்கிழமை ஹிந்திப் பரீட்சை. நீரஜா வாண்டுகளை அழைச்சுண்டு தி.நகர் போயிடுவா. நீயும் தனபாலனும் ஒம்பது மணிக்கு வாங்கோ. மேஜையைக் கீழ இறக்கிப் பழைய ரூம்ல போட்டு, புதுப் பூட்டு போட்டுப் பூட்டிடறேன். சாவி என் பூணூல்ல. ஓவர்."

"ரோஜர். ஆகஸ்ட் பதினாலு, ஹிந்திப் பரீட்சை, ஒம்பது மணி, நான், தனபாலன், மேஜையைக் கீழ இறக்கணும், புதுப் பூட்டு, சாவி பூணூல்ல. சரியா? ஓவர்."

"நூத்துக்கு நூறு சரி" என்றார் பத்ரி. செட்டை அணைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபமெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. விசில்கூட அடித்தார்.

கீழே கூடத்தில் டெலிபோன் மணி அடித்தது. நீரஜா எடுத்தாள். "சொல்லுங்கோ ஜானகி" என்பது அவருக்குக் கேட்டது. ஜானகி, கஸ்தூரியின் பெண்டாட்டி. அப்புறம் வெறும் "ம்". மறுபடி "ம்". "அப்படியா. நீங்க உங்காத்துக் கண்டன்சரை ஜாக்கிரதையா வெச்சுக்கோங்கோ, குடுத்துடாதேங்கோ."

போனை வைத்துவிட்டு நீரஜா மாடிப்படிக் கீழே வந்து நின்றாள்.

"ஏன்னா, ஆகஸ்ட் பதினாலு பரீட்சை சாயங்காலம்தான், ஒம்பது மணிக்கு நான் ஆத்துலதான் இருப்பேன். தனபாலனுக்குக் கேசரியே பண்ணட்டுமா, இல்லை வேற ஏதாவது பிடிக்குமா?"